ஆற்றுச் சிப்பியும் அறக்கடனும்

முத்து என்றதும் தமிழர் உள்ளத்தில் முதற்கண் எழுவது கடல். கொற்கைத் துறையும், மன்னார் வளைகுடாவும், மூச்சடக்கி மூழ்கிய குளியாட்களும் நம்மவர் நினைவில் பல நூற்றாண்டுகளாய் ஊறிக் கிடக்கின்றனர். ஆற்றிலும் முத்து விளையும் என்றால் நம்மிற் பலர் வியப்பர். ஆயினும் அஃது உண்மையே. ஐரோப்பாவின் வடபாகத்திலும் வட அமெரிக்காவின் கீழ்க்கரையை அடுத்த நிலங்களிலும், குளிர்ந்து தெளிந்து விரைந்தோடும் ஆறுகளின் அடியில், கூழாங்கற்களுக்கிடையே பாதி புதைந்து வாழும் ஒரு சிப்பி இனம் உண்டு. அதனை ஆற்று முத்துச்சிப்பி என்பர். கைவிரல் நீளமே உள்ளது, கருத்த ஓடுடையது, பார்வைக்குக் கல்லோடு கல்லாய்க் கிடப்பது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நோர்வே, சுவீடன், பின்லாந்து, ருஷ்யாவின் வடகோடி, ஜெர்மனியின் பவேரிய மலைநாடு ஆகிய இவை யாவும் அதன் பழைய உறைவிடங்கள். இன்று அவ்வினம் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. அதன் வரலாற்றை அன்பர்கட்கு எடுத்துக் கூறி, அவ்வரலாறு நம்முன் வைக்கும் ஓர் அறக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி இது: நாம் கண்ணாற் காணப்போகாத காலத்திற்கு நாம் கடன்பட்டவரா? நம் செயலின் தீய பயன் நாம் மாண்ட பின்னரே வெளிப்படுமாயின், அதற்கு நாம் பொறுப்பாளிகளா? அன்றி, "என் காலத்தில் ஒன்றும் நேரவில்லை" என்று சொல்லி ஒதுங்கிவிடலாமா?

முதலில் ஒரு பழங்கதையை ஒதுக்கி வைப்போம். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகின்றது என்று நம் முன்னோருட் பலர் நம்பினர். மழைக்கும் முத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சிப்பியின் உடலைப் போர்த்திருக்கும் மெல்லிய சதைப்போர்வை, ஓட்டின் உட்புறத்தில் பளபளப்பான ஒரு பூச்சைப் பூசிக்கொண்டே இருக்கும். வேற்றுப் பொருள் ஏதேனும் அச்சதைக்குள் சிக்கினாலும், அச்சதையே புண்பட்டாலும், அவ்விடத்தைச் சுற்றி அதே பூச்சு அடுக்கடுக்காய்ப் படிகின்றது. பல்லாண்டு படிந்தது முத்தாகின்றது. ஆகவே முத்து வானம் தந்த வரமன்று. ஒரு சிற்றுயிர் தன் நோவுக்குத் தானே இட்ட கட்டு. அந்நோவும் எல்லாச் சிப்பிக்கும் வருவதில்லை. ஆயிரக்கணக்கான சிப்பிகளைப் பிளந்தாலும் விலைபெறும் முத்து ஒன்று கிட்டுவது அரிது. அந்த ஒன்றிற்காக மற்றவை யாவும் மாண்டன என்பதை இங்கு நினைவில் இருத்துக.

நிற்க. இச்சிப்பி பிறந்து வளரும் முறையே நம் கேள்விக்கு விளக்காய் அமைந்துள்ளது. ஆதலின் அதனைச் சற்று விரிவாய்க் காண்போம்.

இவ்வினத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு. வேனிற்காலத் தொடக்கத்தில் ஆண் சிப்பி தன் விந்தணுக்களை ஓடும் நீரில் விடுகின்றது. கீழ்நீரோட்டத்தில் கிடக்கும் பெண் சிப்பி, மூச்சுக்காக நீரை உள்ளிழுக்கும்போது அவ்வணுக்களும் உள்ளே செல்கின்றன. முட்டைகள் தாயின் செவுளுக்குள்ளேயே பொரிந்து சில வாரங்கள் வளர்கின்றன. பிறகு, வேனில் முதிர்ந்த ஒரு நாளில், தாய் தன் குஞ்சுகளை ஆற்றிலே கொட்டிவிடுகின்றது. ஒரு தாய் ஒரு பருவத்தில் விடும் குஞ்சுகள் 10 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை என்பர். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் இராது. அவற்றுக்கு நீந்தத் தெரியாது. இரை தேடத் தெரியாது. இரண்டு சின்னஞ்சிறு ஓடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறு கொண்டுசென்ற வழியே செல்வது ஒன்றே அவை அறிந்தது.

அவ்வாறு மிதந்து செல்லும் குஞ்சு, சில நாளுக்குள் ஒரு மீனின் செவுளைப் பற்றியாக வேண்டும். அதுவும் எந்த மீனாயினும் ஆகாது. சால்மன் என்னும் மீனின் இளங்குஞ்சாகவோ, டிரவுட் என்னும் மீனின் இளங்குஞ்சாகவோ இருத்தல் வேண்டும். வேறு மீனைப் பற்றினால் அம்மீனின் உடல் அதனைத் தள்ளிவிடும். உரிய மீன் மூச்சிழுக்கும் வேளையில் குஞ்சு அதன் வாய்வழிச் சென்று, செவுளின் இழையைச் சட்டெனக் கவ்விக்கொள்கின்றது. மீனின் மெல்லிய தோல் அதன்மேல் வளர்ந்து மூடுகின்றது. அந்தச் சிறு பைக்குள் மாரிக்காலம் முழுதும் குஞ்சு தங்குகின்றது. மறு ஆண்டு மே, ஜூன் மாதங்களில் நீர் வெதுவெதுப்பானதும் பையைக் கிழித்துக்கொண்டு கீழே விழுகின்றது. அப்போது அதன் அளவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்.

இத்துடன் இடர் தீர்ந்ததா? இல்லை. விழும் இடம் தூய பரல் நிலமாய் இருத்தல் வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே புதுநீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடுக்கில் ஏறத்தாழ 5 ஆண்டுகள் அது எவர் கண்ணுக்கும் படாமல் மறைந்து வளர்கின்றது. பின்னரே மேலே வந்து தலைகாட்டும். தாயாகவும் தந்தையாகவும் ஆகும் பருவத்தை எய்த 10 முதல் 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் அது வாழும் காலமோ நெடிது. நூறாண்டு வாழ்தல் அவ்வினத்துக்கு இயல்பு. வடகோடியின் குளிர்ந்த ஆறுகளில் இருநூறாண்டைக் கடந்தனவும் உண்டு. மரத்தின் வயதை அதன் வளையங்களைக் கொண்டு அறிவதுபோல, சிப்பியின் வயதையும் அதன் ஓட்டிலுள்ள வளையங்களைக் கொண்டு அறிகின்றனர். நாற்பது இலட்சம் குஞ்சுகளை விட்ட தாய்க்கு வாரிசென்று நிலைப்பது ஒன்றிரண்டு கிடைத்தாலும் அதுவே பெரும்பேறு. ஆயினும் நூறாண்டு ஈனும் தாய்க்கு அதுவே போதுமானது. இக்கணக்கைக் கொண்டே பல்லாயிரம் ஆண்டுகள் அவ்வினம் தழைத்து வந்தது.

இதனைப் படிக்கும் அன்பர் ஒருவர், "பிறர் உடலில் ஒட்டி உண்ணும் ஓர் உயிருக்காகவா இவ்வளவு பேச்சு? ஒட்டுண்ணிகளைச் சமூகத்திலிருந்து களையவேண்டும் என்று இப்பத்திரிகை ஓயாது எழுதி வருகின்றதே!" என்று வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் கணக்கை இறுதிவரை பார்க்க வேண்டும். இயற்கையான அளவில் ஒட்டும் குஞ்சுகளால் மீனுக்குப் பெருந்தீங்கு விளைவதில்லை. வளர்ந்த சிப்பியோ, நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லிட்டர் நீரைத் தன் உடல்வழியே செலுத்தி, அதிலுள்ள நுண்ணிய அழுக்கை உணவாய்க் கொண்டு, தெளிந்த நீரை வெளியே விடுகின்றது. அந்தத் தெளிந்த நீரிலும் தூய பரலிலுமே சால்மனும் டிரவுட்டும் முட்டையிட்டுப் பெருகுகின்றன.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். இடங்கொடுத்த மீன் சில ஆண்டுகளே வாழ்வது. அதன் செவுளில் ஓராண்டு தங்கிய குஞ்சு, வளர்ந்து நீரைத் தெளிவிக்கத் தொடங்கும் நாளில் அம்மீன் பெரும்பாலும் மாண்டிருக்கும். ஆகவே சிப்பி தான் பட்ட கடனைக் கொடுத்தவனிடம் திருப்பித் தருவதில்லை, தரவும் இயலாது. நூறாண்டுக் காலம், கொடுத்தவனின் பேரர்க்கும் பேரரின் பேரர்க்கும் அது தந்துகொண்டே இருக்கின்றது. சிப்பிக்கு அறம் தெரியாது; கடன் என்னும் சொல்லும் தெரியாது. அதனை அறியும் ஆற்றல் பெற்றவர் நாம். ஒரு தலைமுறையிடம் வாங்கியதை வேறொரு தலைமுறைக்குக் கொடுப்பதே இவ்வுலக வாழ்வின் கொடுக்கல் வாங்கல் என்பதை, வாயில்லாத அந்த உயிரின் வாழ்க்கையிலிருந்து நாம் படித்துக்கொள்ளத் தடை யாது?

இனி, அவ்வினம் எவ்வாறு அழிந்தது என்பதைக் காண்போம்.

ரோமத் தலைவன் ஜூலியஸ் சீசர் கி.மு. 55-இல் பிரிட்டன் மீது படையெடுத்தமைக்கு அத்தீவின் முத்தின்மேல் கொண்ட ஆசையும் ஒரு காரணம் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்தார். ஸ்காட்லாந்தின் மணிமுடி 1540-இல் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னனுக்காகப் புதுக்கப்பெற்றது. அதில் ஆற்று முத்துக்கள் பதிக்கப்பெற்றுள்ளன. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் 1621 முதல் முத்தெடுக்கும் உரிமையை ஆள்வோனே தனதாக்கிக்கொண்டு, அதற்கெனத் தனி ஆட்களை அமர்த்தினான். ஆற்றின் அடியிற் கிடந்த செல்வம் ஆற்றங்கரை ஏழைக்கு உரியதன்று; அரண்மனைக்கே உரியது என்பது அக்காலத்து நீதி! ஸ்காட்லாந்தில், ஊரூராய்த் திரிந்து பிழைக்கும் டிராவலர் என்னும் எளிய மக்களுட் சிலர், அடியில் கண்ணாடி பதித்த வாளியால் ஆற்றுக்குள் நோக்கி, நுனி பிளந்த நீண்ட கோலால் சிப்பியைக் கவ்வியெடுத்து வாழ்ந்தனர். 1967-இல் வில்லியம் அபர்நெதி என்பார் டே ஆற்றில் கண்ட பெருமுத்து உலகறிந்ததாயிற்று. அச்செய்திக்குப் பின்னர் முத்தாசை தணிந்திருக்கும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. தொழில் அறியாதவர்களும் ஆற்றில் இறங்கிச் சிப்பிப் படுகைகளை முழுதாய் அரித்துக் கரையிற் குவித்துப் பிளந்தனர். முடிவில், 1998-இல் பிரிட்டனில் இச்சிப்பியை எடுத்தலும் கொல்லுதலும் கலைத்தலும் சட்டத்தால் முற்றும் தடுக்கப்பட்டன.

எடுப்பது நின்றால் இனம் பிழைத்திருக்க வேண்டுமன்றோ? பிழைக்கவில்லை. முத்தெடுப்பார் அடிவைக்காத ஆறுகளிலும் சிப்பிகள் குறைந்துகொண்டே வந்தன. இருபதாம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் அவை மறைந்தன. காரணம் யாது? கரைவரை உழுத வயலிலிருந்து மண் கரைந்து ஆற்றில் வீழ்ந்தது. வயலுக்கிட்ட உரம் மழைநீரோடு வந்து சேர்ந்து பாசியை வளர்த்தது. ஊர்க்கழிவு கலந்தது. காடு நடுவதற்காக வெட்டிய வாய்க்கால்கள் சேற்றைக் கொண்டுவந்தன. அணைகளும் தடுப்புகளும் சால்மன் ஏறிவரும் வழியை மறித்தன. மண்ணும் பாசியும் பரல்களின் இடுக்கை அடைத்தன. அவ்விடுக்கே குஞ்சுகளின் தொட்டில் என்று மேலே கூறினோம். தொட்டிலில் மூச்சு முட்டிக் குஞ்சுகள் மாண்டன.

ஆனால், அன்பர்களே, முதியவை மாளவில்லை! வளர்ந்த சிப்பி பரலுக்கு மேலே தலைநீட்டி ஓடும் நீரையே பருகுவது. சற்று அழுக்கு மிகுந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். எனவே ஆற்றை எட்டிப் பார்ப்பவர்க்கு ஒரு குறையும் தோன்றாது. நேற்றிருந்தவை இன்றும் இருக்கின்றன. பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும் இருக்கின்றன. ஐம்பதாண்டு கழிந்தும் சில இருக்கும். அவற்றினிடையே ஓர் இளஞ்சிப்பி உண்டா என்று எவரும் தேடவில்லை. இருப்பவை ஆண்டுதோறும் இலட்சோபலட்சம் குஞ்சுகளை விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றேனும் வேரூன்றுவதில்லை. அயர்லாந்தின் நோர் ஆற்றில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு முத்துச்சிப்பி வகை உண்டு. அங்கே 1970-ஆம் ஆண்டளவிற்குப் பின் இயற்கையாய் ஒரு தலைமுறையும் எழவில்லை என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். எஞ்சியவை சில நூறு, யாவும் முதியவை. உயிர் இருக்கின்றது, வாழ்வு முடிந்துவிட்டது.

நாள்தோறும் செக்ரோல் எழுதும் தொழில் எமது. தலைகளை எண்ணிப் பழகிய கைக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். எண்ணிக்கை என்பது இன்று நிற்பவரை மட்டுமே சொல்லும். நாளை நிற்பவர் எவர் என்பதைச் சொல்லாது. முந்நூறு பெயர் முந்நூறாகவே பல ஆண்டு இருக்கலாம். அவற்றுள் அறுபதைக் கடந்தவர் எத்தனை, இருபதுக்கு உட்பட்டவர் எத்தனை என்று பிரித்து எழுதினாலன்றி அக்கூட்டம் வளர்கின்றதா தேய்கின்றதா என்பது தெரியாது. ஆற்றைக் காத்தவர்களும் நெடுங்காலம் தலைகளையே எண்ணினர், வயதை எண்ணவில்லை. ஓர் இனத்தின் உயிர் அதன் எண்ணிக்கையில் இல்லை, அதன் இளையோரிடத்தில் உள்ளது என்பதை அவர்கள் உணர்ந்தபோது பல ஆறுகளில் காலம் கடந்துவிட்டது.

இக்கேட்டிற்குப் பொறுப்பாளி யார்? இங்கேதான் நம் அறக்கேள்வி கூர்மை பெறுகின்றது. வயலை உழுதவன் சிப்பியைப் பகைத்தவனல்லன். மரம் நட்டவன் நல்லது செய்வதாகவே நம்பினான். அணை கட்டிய பொறியாளன் ஊருக்கு விளக்கேற்றினான். அவர்களுள் ஒருவனைக் கூட்டில் நிறுத்தி, "நீ சிப்பியைக் கொன்றாயா?" என்று கேட்டால், "நான் ஒரு சிப்பியையேனும் தொட்டதில்லை" என்பான். அவன் சொல்வது பொய்யன்று. அவன் வாழ்ந்த காலத்தில் ஆற்றில் சிப்பிகள் நிறைந்தே இருந்தன. அவன் மாண்டான், அவன் மகனும் மாண்டான், பேரன் காலத்தில் ஆறு வெறுமையாயிற்று. பேரனோ, "இது என் பாட்டன் காலத்து வினை, நான் என் செய்வேன்?" என்கின்றான். கொலை நடந்தது மெய். கொலைஞனைத் தேடினால் ஒருவனும் அகப்படவில்லை.

அவர்கள் சார்பாய்ச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாய் எடைபோடுவோம்.

"தெரியாது செய்தோம்" என்பது முதல் வாதம். அறியாது செய்தவனைப் பழித்தல் நீதியன்று; ஒப்புகின்றோம். ஆனால் அவ்வாதம் அறிவு பிறக்கும் நாள்வரைதான் செல்லும். குஞ்சு எங்கே வாழ்கின்றது, எதனால் மாள்கின்றது என்பதை ஆராய்ச்சி வெளிப்படுத்திய பின்னும் அதையே செய்பவன், அறியாமை என்னும் போர்வையை வேண்டுமென்றே போர்த்துக்கொள்பவன். அறிவு வந்த நாளிலேயே பொறுப்பும் வந்துவிடுகின்றது.

"என் பங்கு சிறிது, பலர் செய்ததில் நானும் ஒருவன்" என்பது இரண்டாம் வாதம். இது நமக்குப் பழகிய குரல். சாதிக்கொடுமையைப் பற்றிக் கேட்டால், "ஊர் வழக்கம், நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?" என்று நம்மவர் சொன்னதும் இதே குரலில்தான். ஒரு பிடி மண் ஆற்றை அடைக்காது என்பது மெய்யே. ஆனால் ஆற்றை அடைத்தது பிடி மண்ணேயன்றி வேறொன்றும் இல்லை. பலர் சேர்ந்து செய்த தீமையில் பங்கு சிறிதாகலாம். பங்கு இல்லை என்றாகாது.

"வயிற்றுக்காகச் செய்தோம்" என்பது மூன்றாம் வாதம். இதனை மற்றிரண்டைப்போல் எளிதில் தள்ள எம்மால் இயலாது, தள்ளவும் கூடாது. பசித்த மனிதனைவிடச் சிப்பி உயர்ந்தது என்று கூறும் அறம் அறமாகாது. ஆனால் ஒன்று காண்க. ஆற்றங்கரையில் ஒரு பட்டை நிலத்தை உழாமல் மரஞ்செடிக்கு விட்டு வைத்தலும், மாடுகள் ஆற்றில் இறங்கிக் கலக்காதவாறு வேலியிடலும், உரத்தை அளந்திடலும் உழவனைப் பட்டினி போடும் செயல்களல்ல. ஊதியத்தில் சிறிது குறையும், சோறு குறையாது. மேலும், இவ்வகையில் முதலில் இழந்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியதே. அதனைக் குறை கூறுவார் அவ்வினம் அழிந்ததைக் காணாதவர். ஆயினும் அச்சட்டத்தால் கோலும் வாளியும் ஏந்திய ஏழையின் தொழில் ஒரே நாளில் முற்றும் போயிற்று. ஆற்றில் மண்ணையும் கழிவையும் கலந்த பெரியோர்க்கோ, சிறிது சிறிதாய்க் குறைத்துக்கொள்ளுமாறு அறிவுரையும் அவகாசமும் கிடைத்தன. கண்ணுக்குத் தெரியும் கையைப் பிடிப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாத கையைப் பிடிப்பது அரிது. அறம் பேசுவோர் எளியதைச் செய்துவிட்டு ஓய்ந்தாலாகாது.

இனி, "நாளையவர்க்கு நான் ஏன் செய்ய வேண்டும்?" என்னும் அடிக்கேள்விக்கு வருவோம். பழைய சமயவாதிகள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தனர். "உயிர்க்குத் தீங்கு செய்தால் மறுபிறவியில் நீயே அவ்வுயிராய்ப் பிறந்து வருந்துவாய்" என்பர். இவ்விடை அச்சத்தை விதைக்கும், அன்பை விளைவிக்காது. தண்டனைக்கு அஞ்சித் தீமை செய்யாதிருப்பவன், தண்டனை இல்லை என்று தெரிந்த மறுகணமே செய்வான். புண்ணியக் கணக்கெழுதி நன்மை செய்பவனோ வட்டிக்கு விடுபவன். நமக்கு இவ்விரண்டும் வேண்டா. மறுபிறவி இல்லையெனினும் நிற்கும் விடை ஒன்று வேண்டும்.

அவ்விடையை நம்மவர் வரலாற்றிலேயே காணலாம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசின் வாயிலாய்த் "தமிழ் எங்கள் உயிர்" என்னும் நிதியைத் திரட்டினார். பால்மரக் காட்டில் உழைத்தவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். கொடுத்தவருட் பலர்க்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் எத்திசையில் இருக்கும் என்பதே தெரியாது. அங்கு வாங்கி வைக்கப்படும் நூலைத் தாம் தொடப்போவதில்லை என்பதை அவர்கள் நன்கறிவர். தம் பிள்ளை படிப்பான் என்ற உறுதியும் அவர்கட்கு இல்லை. பின் எதற்காகக் கொடுத்தனர்? தமக்கு முன் எவரோ காத்துத் தந்த மொழி தம் வாயில் இருந்தது. அதனைத் தம்மோடு முடித்துவிட அவர்கட்கு மனம் வரவில்லை. அதுவே காரணம். எந்த ஆகமமும் அவர்களைப் பணிக்கவில்லை. எந்த நரகமும் அவர்களை அச்சுறுத்தவில்லை.

பெற்றதைக் கொடுத்தவரிடம் திருப்பித் தர முடியாது, அவர் மாண்டார். ஆகவே பிறக்கப்போகின்றவரிடம் தருகின்றோம். நாம் குடிக்கும் நீரும், பேசும் மொழியும், நடக்கும் பாதையும், நம்மை அறியாதவர்கள் நமக்காக விட்டுச் சென்றவை. இவற்றை ஏற்றுக்கொண்ட அக்கணமே நாம் கடன்பட்டவராகின்றோம். கடன் கொடுத்தவர் எதிரில் இல்லை என்பதனால் கடன் தீர்ந்துவிடாது. இது பகுத்தறிவின் கணக்கு. இதற்கு மறுபிறவி வேண்டுவதில்லை.

இக்கடனை உணர்ந்தோர் அந்நாடுகளிலும் உளர். இங்கிலாந்தில் விண்டர்மீர் ஏரிக்கரையில் உள்ள நன்னீர் உயிரியல் சங்கத்தார் 2007 முதல், அழியும் ஆறுகளிலிருந்து தாய்ச்சிப்பிகளைக் கொணர்ந்து காத்து வருகின்றனர். அவை விடும் குஞ்சுகளைத் தொட்டியிலுள்ள மீன்களின் செவுளில் பற்றச் செய்து, மாரிக்காலம் முழுதும் அம்மீன்களைப் பேணி, வேனில் வந்ததும் உதிரும் அணுவொத்த சிப்பிகளைச் சல்லடையில் ஏந்தித் தூய பரலில் இட்டு வளர்க்கின்றனர். முப்பது வயதில் ஒருவர் இன்று கையிலேந்தும் குஞ்சு தாயாவதற்குள் அவர்க்கு நாற்பத்தைந்து ஆகிவிடும். அக்குஞ்சு முதுமை எய்துவதைக் காண அவர் இரார். அவர் பிள்ளையும் இரார். அதன் வயிற்றில் முத்து இருப்பினும் எடுக்கச் சட்டம் இடந்தராது. பயன் காணாத வேலையை நாள் தவறாது செய்கின்ற அவர்களை எண்ணும்போது, கூலியிற் பிடித்துக் கொடுத்த நம் தொழிலாளர் நினைவே எமக்கு வருகின்றது.

ஆனால் அவர்களே வற்புறுத்தும் உண்மை ஒன்றுண்டு. தொட்டியில் வளர்த்தால் மட்டும் இனம் பிழைக்காது. வளர்த்த குஞ்சைச் சேறு படிந்த ஆற்றில் விட்டால் அதுவும் மூச்சு முட்டி மாளும். ஆறு திருந்தாமல் சிப்பி திருந்தாது. ஆதலின் கரையில் மரம் நடுதலும், வேண்டாத தடுப்புகளை அகற்றுதலும், மண்ணரிப்பைத் தடுத்தலும் உடன் நடைபெற வேண்டும்.

இது எங்கோ குளிர்நாட்டுச் செய்தி என்று நம்மவர் இதழை மடித்து வைத்தலாகாது. நம் தீபகற்பத்து ஆறுகளிலும் நன்னீர்ச் சிப்பிகள் உண்டு; மீனைப் பற்றி வளரும் வழக்கம் அக்குடும்பத்தார்க்கும் உரியதே. மழை பெய்த மறுநாள் ஆறு தேநீர் நிறத்தில் ஓடுவதை அறியாதார் நம்மில் எவர்? அந்நிறம் எவர் நிலத்து மண்? தோட்டமாயினும் நகரமாயினும், கரையோரத்து மரத்தை வெட்டுமுன்னும், காலி உரப்பையை வாய்க்காலில் அலசுமுன்னும், குப்பையை ஓடையில் கொட்டுமுன்னும், நீரின் அடியில் கண்ணுக்குத் தெரியாத தொட்டில் ஒன்று உண்டு என்று எண்ணிப் பார்த்தல் பெரிய தவமன்று.

மற்றுமொன்று. ஆற்றை எண்ணிய கண்ணால் நம் மன்றங்களையும் எண்ணிப் பார்ப்போமாக. ஆண்டுக்கூட்டத்தில் நாற்காலிகள் நிறைந்துள்ளன. அறிக்கையில் உறுப்பினர் தொகை குறையவில்லை. மாலையும் பொன்னாடையும் குறையவில்லை. நிறைந்த நாற்காலிகளில் இளைஞர் எத்தனை பேர் என்று செயலாளர் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். படிப்பகத்தில் பத்து வயதுச் சிறுவன் கையில் தமிழ் நூல் இருக்கின்றதா என்று பார்க்கட்டும். முதியோர் நெடுநாள் வாழ்தல் நன்றே. அவர் வாழ்வதைக் கொண்டு இனம் வாழ்கின்றது என்று முடிவு கட்டுதலே தீது. இளையோர் வேரூன்றும் பரல் இடுக்கைத் தூர்த்துவிட்டு, மேலே நிற்கும் தலைகளை எண்ணி மகிழ்ந்திருப்பது நோர் ஆற்றின் கதையை நம் வீட்டில் நடத்துவதாகும்.

நாம் காணாத காலத்திற்கு நாம் கடன்பட்டவரா என்று தொடக்கத்தில் கேட்டோம். ஆம், கடன்பட்டவரே. வாங்கியதற்குச் சாட்சி நாமே; நம் உடலும் மொழியும் அறிவும் அதற்குப் பத்திரம். அடைக்க வேண்டிய தொகை பெரிதன்று: நமக்கு வந்து சேர்ந்த நீரை வந்தபடியே தெளிவாய் அடுத்தவர்க்கு விடுதல், நமக்குக் கிடைத்த இடத்தில் இன்னொரு தலைமுறை காலூன்ற வழிவிடுதல். நன்றி கூற எவரும் வாரார்; நம் பெயரும் நிற்காது. எனினும் செய்வோமாக.